பழைய விண்டோஸைக் கோடிலிருந்து கழற்றுவது எப்படி

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தொடங்கிய சி++ கோடு (நிரல் வரிகள்). விஸ்டா, 7, 8 என்று ஒவ்வொன்று வரும்போதும் ஒரு #இஃப்டெஃப் (ஒரு மேக்ரோ, அதாவது ஒரு பெயர், வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்த வரிகளைச் சேர் என்று கம்பைலருக்குச் சொல்லும் நிபந்தனை) ஏறிக்கொண்டே வந்திருக்கும். இனி விண்டோஸ் 10-க்குக் கீழே கிடையாது என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கே எடிட்டரைத் திறந்து அழிக்க ஆரம்பிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. முதலில் அப்டேட் சர்வர், அப்புறம் இன்ஸ்டாலர், அப்புறம் பில்ட் அமைப்பு (கோடை ஓடும் நிரலாக்கும் ஏற்பாடு), கடைசியில்தான் கோடு. இந்த வரிசை மாறினால் வாடிக்கையாளர் இடத்தில் வெடிக்கும்.

யார் இன்னும் பழையதில் இருக்கிறார்கள்

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியை 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரி 14-லும், 8.1-ஐ 2023 ஜனவரி 10-லும் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆனால் இந்தத் தேதிகள் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளைக் கட்டுப்படுத்தாது. சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும்) மெஷினோடு வந்த கார்டின் டிரைவர் புது விண்டோஸில் ஏறாது என்றால், மெஷின் ஓடுகிற வரைக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டரும் ஓடும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே இருக்காது. உங்கள் டெலிமெட்ரியில் (நிரல் தானே அனுப்பும் பயன்பாட்டுக் கணக்கில்) விண்டோஸ் 7 பூஜ்யம் என்று வந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். பெங்களூரில் ஃபீல்டுக்குப் போகும் சர்வீஸ் ஆட்களைப் பிடித்துக் கேளுங்கள். பட்டறைக்கு போன் போட்டால் “விண்டோஸ்தான் சார், நீலமா இருக்கும்” என்றுதான் பதில் வரும். விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி ‘வின்வெர்’ என்று அடிக்கச் சொல்லி, வரும் எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சார்ந்திருக்கும் மொழிகளையும் லைப்ரரிகளையும் பாருங்கள். கோ மொழியின் 1.21 பதிப்புக்கு விண்டோஸ் 10 வேண்டும். பைதான் 3.9 விண்டோஸ் 7-இல் ஓடாது. டெஸ்க்டாப் நிரல் கட்டும் எலெக்ட்ரானில் 22-தான் 7, 8, 8.1-இல் ஓடும் கடைசிப் பதிப்பு. இவற்றில் ஏதாவது ஒன்றை ஏற்கெனவே மேம்படுத்தியிருந்தால், யாருக்கும் சொல்லாமலே ஆதரவை நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கதவை முதலில் சாத்துங்கள்

பழைய விண்டோஸுக்கான கடைசி வெளியீட்டுக்கு கிட்டில் (கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) ஒரு டேக், ஒரு தனிக் கிளை. அதை பில்ட் செய்த டூல்செட்டையும், அதாவது கம்பைலர் தொகுப்பையும் (விஷுவல் ஸ்டுடியோ 2017-இன் எக்ஸ்பி டூல்செட் மாதிரி) விர்ச்சுவல் மெஷின் இமேஜாகவே எடுத்து வையுங்கள். ஒன்றரை வருடம் கழித்து ஒரு செக்யூரிட்டி ஃபிக்ஸ் கேட்பார்கள், அன்றைக்குத் தேடினால் கிடைக்காது.

அப்டேட் சர்வர் பழைய கம்ப்யூட்டர்களை அந்தக் கடைசி வெளியீட்டிலேயே நிறுத்த வேண்டும். இதை விட்டுவிட்டால் அப்டேட்டர் புது கோப்பை விண்டோஸ் 7-இல் இறக்கிவிடும். நிரல் திறக்கும்போதே கெர்னல்32 என்ற விண்டோஸ் கோப்பில் இன்ன ஃபங்ஷன் இல்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிடும். அப்டேட்டரும் அதே கோப்புக்குள் இருந்தால் திரும்பி வர வழியே இல்லை.

இன்ஸ்டாலரில் இரண்டு பொறிகள். விண்டோஸின் இன்ஸ்டாலர் வடிவமான எம்எஸ்ஐ-யின் ‘வெர்ஷன்என்டி’ விண்டோஸ் 10-இலும் 603 என்றுதான் சொல்லும். 1000-க்கு மேல் இருந்தால் அனுமதி என்று எழுதினால் எல்லோருக்கும் கதவடைப்புதான். ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன் கீயின் கீழ் ‘கரண்ட்மேஜர்வெர்ஷன்நம்பர்’ மதிப்பைப் படியுங்கள், அது 10 என்று தரும். இரண்டாவது, உங்கள் நிரலே விண்டோஸ் பதிப்பைக் கேட்கும் ‘கெட்-வெர்ஷன்-எக்ஸ்’ கூப்பிட்டால், மேனிஃபெஸ்டில் (நிரலோடு சேர்ந்த விவரக் கோப்பில்) விண்டோஸ் 10-க்கான அடையாளக் குறியீடு இல்லாதபோது 6.2 என்று பொய் சொல்லும். மேனிஃபெஸ்டைச் சரிசெய்யுங்கள்.

‘விண்டோஸ் 10’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த பில்ட் எண்ணிலிருந்து என்று சொல்லுங்கள். பில்ட் 17763 என்றால் 1809 பதிப்பு. யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தை மேனிஃபெஸ்டில் கேட்டு வாங்கும் வசதி 1903-இல்தான் வந்தது.

மறுப்புச் செய்தி நேராக இருக்கட்டும்: “இந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் 7. இதில் ஓடும் எங்கள் நிரலின் கடைசிப் பதிப்பு 8.4. அது ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம்.” பெங்களூர் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு பழைய பெட்டி வாங்கியோ விர்ச்சுவல் மெஷினிலோ இந்தச் செய்தி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பில்ட் அமைப்பு

எந்த விண்டோஸிலிருந்து ஓட வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் ‘_வின்32_வின்என்டி’ மேக்ரோவுக்கு ஹெக்ஸில் எக்ஸ்பி 0501, விஸ்டா 0600, விண்டோஸ் 7 0601, விண்டோஸ் 10 0ஏ00. இதை பில்ட் கருவியான சிமேக்கில் ஒரே இடத்தில் வையுங்கள். பழைய கோப்புகளின் தலையில் யாரோ 0501 என்று தனியாக எழுதி வைத்திருப்பார்கள், அத்தனையையும் எடுத்துவிடுங்கள். ஒன்று தப்பினாலும் அந்தக் கோப்பு மட்டும் எக்ஸ்பி காலத்திலேயே குடியிருக்கும். இந்த மாற்றம் ஒரு தனி கமிட் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்). இதில் வேறு எதையும் கலக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

சத்தமில்லாமல் பின்னுக்குப் போகும் கோடு

இந்த வேலையில் உண்மையான ஆபத்து இங்கேதான். ஒரு டைமர் கோப்பு. ‘ஹேவ்_கெட்டிக்கவுண்ட்64’ இருந்தால் 64-பிட் கடிகாரம், இல்லையென்றால் பழைய ‘கெட்-டிக்-கவுண்ட்’. எல்லா விண்டோஸிலும் 64 இருக்கிறதே, சோதனை எதற்கு என்று ஒருவர் சிமேக்கிலிருந்து அந்தச் சோதனையை நீக்குகிறார். கோப்பில் இருக்கும் #இஃப்டெஃப்-ஐ மறந்துவிடுகிறார். இப்போது அந்த மேக்ரோவை யாரும் வரையறுக்கவில்லை. கம்பைலர் ஒரு வார்த்தை பேசாமல் பழைய கிளையை எடுத்துக்கொள்ளும். பில்ட் பச்சை, டெஸ்ட் பச்சை. பழைய கடிகாரம் 32-பிட் மில்லிசெகண்ட், 49.7 நாளில் சுழன்று பூஜ்யத்துக்கு வரும். ஐம்பதாவது நாள் டைம்அவுட் கணக்கு தப்பும், காரணம் யாருக்கும் பிடிபடாது. பழசை ஒழிக்கப் போன கமிட்டே பழசுக்கு உயிர் கொடுத்துவிட்டது.

ஆகவே முதலில் மேக்ரோவைப் பயன்படுத்தும் இடங்கள், கடைசியில்தான் அதை வரையறுக்கும் சோதனை. நடுவில் அந்தப் பெயரைக் கோடு முழுக்கத் தேடும் ‘கிட் கிரெப்’ பூஜ்யம் காட்ட வேண்டும். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள ‘அன்டெஃப்’ எச்சரிக்கை #இஃப்-ஐப் பிடிக்கும், #இஃப்டெஃப்-ஐப் பிடிக்காது. அதே கம்பைலர்களில் ‘பாய்சன்’ என்ற பிராக்மா (கம்பைலருக்கான கட்டளை) இருக்கிறது. செத்த மேக்ரோவின் பெயரைப் பொது ஹெடரில் அதில் போட்டுவிட்டால், பிறகு யார் அந்தப் பெயரைத் தொட்டாலும் பில்ட் நிற்கும். பழைய கிட் கிளைகளிலிருந்து மெர்ஜ் (இணைப்பு) வரும்போது இதன் அருமை தெரியும்.

அழிக்கும் வேலை

கையால் அழிக்காதீர்கள், ‘அன்-இஃப்டெஃப்’ என்ற கருவி இருக்கிறது. மேக்ரோவின் மதிப்பைக் கொடுத்தால் செத்த கிளைகளை அதுவே வெட்டும். கோப்பு மாறியிருந்தால் அது 1 என்ற எக்ஸிட் கோடு தரும். அது பிழையல்ல, 2-தான் பிழை. தெரியாமல் ஸ்கிரிப்டில் போட்டால் முதல் கோப்பிலேயே நின்றுவிடும். இன்னொன்று: சில பழைய கோப்புகளில் ‘_வின்32_வின்என்டி இருக்கிறதா’ என்பதையே ‘இது விண்டோஸா’ என்ற கேள்வியாகப் பயன்படுத்தியிருப்பார்கள். கருவிக்கு அது தெரியாது, லினக்ஸ் கிளையைச் சேர்த்து வெட்டிவிடும். முதலில் அந்த இடங்களை ‘_வின்32’ என்று மாற்றுங்கள்.

சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. பில்ட் எல்லையைத் தனி கமிட்டில் ஏற்கெனவே உயர்த்திவிட்டதால், செத்த கோடை வெட்டுவது கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் கோப்பை மாற்றவே கூடாது. அன்-இஃப்டெஃப்-ஐ முதலில் ‘பி’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். வெட்டிய வரிகளுக்குப் பதில் வெற்று வரி விடும், அதனால் வரி எண்கள் நகராது. முன்னும் பின்னும் கம்பைல் செய்து பைட்டுக்கு பைட் ஒப்பிடுங்கள். விஷுவல் சி++-இல் ‘பிரெப்ரோ’ ஆப்ஷன் போடாவிட்டால் நேர முத்திரையே வித்தியாசம் காட்டும். எல்லாம் ஒத்துப்போனால் ‘பி’ இல்லாமல் ஓட்டி கமிட் செய்யுங்கள். ரிவ்யூ செய்பவர் நாலாயிரம் வரி படிக்க வேண்டியதில்லை.

மேக்ரோவில் சிக்காத வகை, ரன்டைமில் ‘கெட்-ப்ராக்-அட்ரஸ்’ வழியாகத் தேடும் ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து நேரடி அழைப்பாக மாற்றுங்கள், ஃபங்ஷன் பாயின்டர் டைப்களையும் சேர்த்து நீக்குங்கள். எக்ஸ்பிக்காக ஈவென்ட், செமஃபோர் வைத்துக் கட்டிய போலி கண்டிஷன் வேரியபிளை (த்ரெட்களைக் காத்திருக்க வைக்கும் வசதி) எடுப்பது அழிப்பு அல்ல, மாற்றம். அதற்குத் தனி கமிட், தனி டெஸ்ட். எக்ஸ்பி போய்விட்டதே என்று நெட்வொர்க் இணைப்புகளைக் கவனிக்கும் ‘செலக்ட்’-ஐ எடுத்து ‘டபிள்யூஎஸ்ஏ-போல்’ வைக்கும் ஆசையை அடக்குங்கள். விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்புக்கு முன்பு, தோற்றுப்போன கனெக்ட்டை டபிள்யூஎஸ்ஏ-போல் சொல்லாது.

‘எக்ஸ்பிக்காக’ என்று கமெண்ட் இருப்பதாலேயே எல்லாம் எக்ஸ்பிக்கானது ஆகிவிடாது. கோப்பை வேறு யாரோ பிடித்திருந்தால் மூன்று முறை முயலும் லூப் ஆன்டிவைரஸுக்காக வந்திருக்கலாம், அது விண்டோஸ் 11-இலும் தேவை. எந்த வரி எந்த கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் பார்த்து முதல் கமிட்டின் செய்தியைப் படித்த பிறகு கை வையுங்கள். உங்கள் அழிப்பு கமிட்டுகளின் ஹேஷ்களையும் பிளேம் புறக்கணிப்புக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒப்புக்கு இன்டென்ட் மாறிய வரிகளுக்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.