போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல டிஸ்க் நிறைஞ்சா இந்த ஃபோல்டர்ல மட்டும் கை வைக்காதீங்க

போன வாரம் டீம்ல புதுசா சேர்ந்த தம்பி வந்து, "அண்ணா, டிஸ்க் 97 பர்சென்ட் ஆயிடுச்சு, லாக் ஃபோல்டர்ல பழைய ஃபைல் 80 ஜிபி கிடக்கு, அழிச்சிடவா?"ன்னு கேட்டான். ஸ்கிரீனைப் பாத்தா அவன் நிக்கிற இடம் பிஜி_எக்ஸ்லாக். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. ஏன்னா அவன் கேட்டான், நான் அந்த வயசுல கேக்காமலே அழிச்சேன்.

பேர்ல லாக் இருக்கு, ஆனா அது லாக் இல்ல

அது வால் (WAL, ரைட்-அஹெட் லாக்) ஃபைல், அதாவது டேட்டால வர்ற மாத்தத்தை முன்கூட்டியே எழுதி வைக்கிற இடம், ஒவ்வொண்ணும் வழக்கமா 16 எம்பி. நீங்க கமிட் பண்ற எதுவும் முதல்ல அங்கதான் எழுதப்படும், டேபிள் ஃபைலுக்கு அப்புறமாதான் போகும், செக்பாயின்ட் (மெமரில இருக்கிற மாத்தத்தை டேபிள் ஃபைல்ல எழுதி முடிக்கிற வேலை) வர்றப்ப மிச்சமும் போயிடும், நடுவுல சர்வர் விழுந்தா எந்திரிச்சு வர்றதுக்கு அந்த ஃபைல்தான் கதி. லாக்னு நெனச்சு அழிக்கிறவங்க அவ்ளோ பேர் இருந்ததாலதான் 2017ல வந்த 10ஆம் வெர்ஷன்ல பேரையே பிஜி_வால்னு மாத்தினாங்க. பழைய சர்வர்ல இன்னும் பழைய பேர்தான்.

எனக்கு நடந்தது 9.3 காலத்துல, ஒரு மருந்து மொத்த வியாபாரியோட பில்லிங் சர்வர். ரீபூட்டுக்கு அப்புறம் பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகல, காலியா இருந்த ஃபோல்டர் ரூட் பேர்ல இருந்ததால வால் ஃபைலை பேக்கப்புக்கு அனுப்புற ஆர்கைவ்_கமாண்ட்ல இருந்த சிபி (காப்பி கமாண்ட்) தோத்துக்கிட்டே இருந்துச்சு. ஆர்கைவ் ஆகாத வரைக்கும் போஸ்ட்கிரஸ் அந்த ஃபைலை விடாது, வாலுக்கு மேக்ஸ் சைஸ் என்ன போட்டாலும் சரி. நிஜமான லாக்ல நிமிஷத்துக்கு நிமிஷம் "பர்மிஷன் டினைடு"ன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கு, நான் அதைத் திறந்தே பாக்கல. நேரா ஆர்எம் போட்டு அழிச்சிட்டேன். அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணா செக்பாயின்ட் ரெக்கார்ட் கிடைக்கலைன்னு பேனிக். வாலைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிக்க வைக்கிற ரீசெட்எக்ஸ்லாக் ஓட்டி எழுப்பினேன், எழுந்துச்சு, ஆனா டம்ப் எடுத்து ரீஸ்டோர் பண்றப்ப ஒரே பில் நம்பர்ல ரெண்டு வரி, பிரைமரி கீ ஏறவே இல்ல. ராத்திரி முழுக்க அவங்க பேப்பர் பில் கட்டை வச்சு ஒவ்வொண்ணா சரி பாத்தோம். இன்னிக்கு நெனச்சாலும் எரிச்சலா வருது, டிஸ்கை மவுன்ட் பண்ணியிருந்தா அதுவே ஆர்கைவ் பண்ணிட்டு அதுவே இடத்தை விட்டிருக்கும்.

அதனால டிஸ்க் நிறைஞ்சா முதல்ல ஆர்கைவ் நிலவரம் சொல்ற பிஜி_ஸ்டாட்_ஆர்கைவர் பாருங்க, ஃபெயில்டு கவுன்ட் ஏறுதான்னு. அடுத்து பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ், நகல் சர்வர் இன்னும் வாங்காத வாலை அதுக்காகப் பிடிச்சு வைக்கிற ஸ்லாட் எல்லாம் அதுல தெரியும். தம்பி சர்வர்ல இதுதான் சிக்கல், எப்பவோ தூக்கிப் போட்ட ஸ்டான்ட்பை (நகல் சர்வர்) ஒண்ணோட ஸ்லாட் ஆக்டிவ் இல்லாம அப்படியே நின்னு வாலைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. ஸ்லாட்டை டிராப் பண்ணி ஒரு செக்பாயின்ட் விட்டோம், இடம் வந்துடுச்சு. வெர்ஷன் 13 இல்ல அதுக்கு மேல இருந்தா, ஸ்லாட் எவ்ளோ வால் பிடிச்சு வைக்கலாம்னு மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் போட்டு வைங்க.

லாக்_ஸ்டேட்மென்ட் = ஆல்

ஓடுற எல்லா கமாண்டையும் நிஜமான லாக்ல எழுதுற செட்டிங் இது. டீபக் முடிஞ்சதும் எடுத்துடுங்க, ரோலுக்கு பாஸ்வேர்டு மாத்துற கமாண்ட் கூட அப்படியே லாக்ல விழும்.

லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்

இவ்ளோ நேரத்துக்கு மேல ஓடுற கமாண்டை லாக்ல எழுதுன்னு சொல்ற செட்டிங். வெறும் நம்பர் போட்டா அது மில்லிசெகண்ட்.

கான்ஃபிக் மாத்தினேன், மாறல

யாரோ செட்டிங்கை கமாண்ட்லேர்ந்தே மாத்துற ஆல்டர் சிஸ்டம் ஓட்டியிருப்பாங்க, அது ஆட்டோ.கான்ஃப்ல போய் உக்காந்துக்கிட்டு நீங்க எழுதினதை மறைச்சிடும். பிஜி_செட்டிங்ஸ்ல சோர்ஸ்ஃபைல்ங்கிற நெடுவரிசை எந்த ஃபைல்லேர்ந்து வருதுன்னு சொல்லிடும், பக்கத்துலயே பென்டிங்_ரீஸ்டார்ட்டையும் பாருங்க, லாக்கிங்_கலெக்டர் மாதிரி ஐட்டம் ரீலோடுக்கு அசையாது.