நிரல்மொழிப் புத்தகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல்மொழியைச் சொந்தமாகக் கற்க நினைப்பவர்கள் புத்தகம் வாங்கும்போது விலையையும் தடிமனையும் பார்க்கிறார்கள். பதிப்பு ஆண்டைப் பார்ப்பதில்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் குறைந்த விலைக்குப் புத்தகம் தேடிச் சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பழைய பைத்தான் புத்தகங்களில் அந்த மொழியின் பழைய வடிவமான பைத்தான் 2-க்காக எழுதியவையும் கலந்திருக்கும். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் அச்சு விவரம் இருக்கும். ‘மறு அச்சு 2018’ என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். மறு அச்சு என்றால் பழைய பக்கங்களையே திரும்ப அச்சடித்தது. திருத்திய பதிப்பு எந்த ஆண்டு வந்தது என்று பாருங்கள். அது தெளிவாக இல்லையென்றால், முதல் அத்தியாயத்தில் ‘பிரின்ட்’ கட்டளையைத் தேடுங்கள். அதையடுத்து அடைப்புக்குறி இல்லாவிட்டால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம்.

அடைப்புக்குறி விடுபட்டால் கணினியே பிழை என்று சொல்லிவிடும். வகுத்தல்தான் ஆபத்து. 7-ஐ 2-ஆல் வகுத்தால் பழைய புத்தகம் 3 என்று விடை தரும். இன்றைய பைத்தான் 3.5 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. கேட்டுத் தெளிய ஆள் இல்லாத மாணவர், தவறு தன்னுடையது என்றே நினைப்பார். ‘எனக்கு இது வராது’ என்று ஒதுங்கியவர்களில் எத்தனை பேரை இப்படி ஒரு பழைய பதிப்பு ஒதுக்கியதோ என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சி பிளஸ் பிளஸ் புத்தகத்தில் ‘ஐஓஸ்ட்ரீம்’ என்பதற்குப் பின் புள்ளி வைத்து ‘எச்’ போட்டிருந்தால் அது டர்போ சி என்ற பழைய மென்பொருள் காலத்துப் பாடம்; அந்த மொழிக்கு 1998-இல் வந்த தரநிலையில் அந்த வடிவம் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் 2015-க்கு முந்தையது வேண்டாம். சி மொழி, தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளங்களுக்கான எஸ்க்யூஎல் மொழி ஆகியவற்றின் அடிப்படைகள் மெதுவாகவே மாறுபவை. அவற்றைப் பழைய புத்தகத்திலேயே தாராளமாகப் படிக்கலாம்.

அடுத்த தவறு, கல்லூரித் தேர்வுக்கான வினா விடை கையேட்டை வாங்குவது. இரண்டு மதிப்பெண் விடைகளை மனப்பாடம் செய்தால் தேர்வில் தேறலாம்; ஒரு நிரல்கூடச் சொந்தமாக எழுத வராது. ஆயிரம் பக்க மேற்கோள் நூலும் தொடக்கத்தில் உதவாது. அகராதியை வைத்துக்கொண்டு பேசக் கற்பது போன்றது அது. ஒரே மொழிக்கு மூன்று புத்தகம் வாங்குவதும் வீண் செலவு.

ஆங்கிலம் தடையாக இருந்தால் கூச்சப்படாதீர்கள். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத் தமிழிலேயே கற்பிக்கிறது; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளிப் புத்தகம்தானே என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் வெறுமனே வாசித்துக்கொண்டே போவதும் தவறு. பைத்தான் நிரல்களை ஆண்ட்ராய்டு செல்போனிலேயே இயக்கலாம். ஆகவே பத்துப் பதினைந்து வரிக்குள் முடியும் பயிற்சிகள் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் உள்ள புத்தகமாகத் தேடுங்கள். அவற்றுக்கு விடைகளும் இருக்கின்றனவா என்று பணம் கொடுக்கும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.