எல்லாம் இருக்கும் வில்லனுக்கு எது இல்லை?

கேமுக்குக் கதை எழுதிக்கொண்டு வரும் தம்பி, தங்கைகளின் முதல் தாளில் பெரும்பாலும் இந்த வரிதான் இருக்கும்: "வில்லன் பிரபஞ்சத்தை ஆள நினைக்கிறான்." விண்கப்பல்கள், ரோபோ சேனை, மூளையைப் படிக்கும் இயந்திரம் என்று அடுத்த பக்கமெல்லாம் அவனுடைய பலம். ஏன் ஆள வேண்டும் என்பதற்கு மட்டும் எங்கேயும் பதில் இருக்காது.

அதனால் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இவ்வளவு பலம் இருந்தும் அவனுக்குக் கிடைக்காத ஒன்று எது? அன்பு, அமைதி என்றெல்லாம் எழுதினால் திரையில் காட்ட முடியாது. ஓர் ஆள், ஓர் இடம், ஓர் உத்தரவாதம் என்று கையால் தொட்டுச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 விளையாடியவர்களுக்கு டாக்டர் பிரீனைத் தெரியும். ஏழு மணி நேரப் போரில் பூமி தோற்றபோது சரணடையப் பேரம் பேசி, பூமியைப் பிடித்த கம்பைன் என்ற வேற்றுக்கிரகப் பேரரசின் சார்பில் பூமியை நிர்வகிப்பவர். சிட்டி 17 ரயில் நிலையத்தில் இறங்கியதுமே திரையில் அவர் முகம்தான். ஆனால் அந்த அதிகாரம் முழுக்க இரவல். மேலே இருப்பவர்கள் நாளைக்கும் மனிதர்களை விட்டுவைப்பார்கள் என்ற உறுதி அவரிடம் கிடையாது. அவருடைய ஒவ்வொரு பேச்சையும் அந்தப் பயத்தோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கேமின் வில்லி நீலவேணி. 2140இல் கடலூர் தேவனாம்பட்டினம் தொடங்கிப் புதுச்சேரிக்கு வடக்கே வரை கரை முழுக்க அவள் பிடியில். கடலடியில் ஓடும் இயந்திரங்களை வைத்து ஒரே இரவில் ஓர் ஊர் நீளத்துக்குச் சுவர் எழுப்புவாள். எனக்குக் கடலூர் முதுநகர். அவளுக்கான காரணத்தைத் தேடி நான் வேறு கிரகத்துக்குப் போகவில்லை, இந்தக் கரையே கொடுத்தது.

இங்கே வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. வடக்கே புதுச்சேரிக் கடற்கரை கரைந்து, கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. கல் கொட்டிய இடம் பிழைத்துக்கொள்ளும், அரிப்பு அதற்கும் வடக்கே இருக்கும் குப்பத்துக்குப் போகும். பிழைத்த ஊரிலும் படகை இழுத்து ஏற்ற மணல் இல்லை, வலை உலர்த்த இடமில்லை.

நீலவேணி தன் குப்பத்தைக் கடல் தின்னும்போது யாரும் வராததால் தானே சுவர் எழுப்பினாள். அன்றைக்கு அவள் செய்தது சரி. உங்கள் வில்லனுக்கும் அப்படி ஒரு நாள் கட்டாயம் வேண்டும். வீடுகள் தப்பின, ஆனால் படகு ஏற்ற வழியில்லாத கரையில் ஜனம் எப்படி இருக்கும்? ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வருவதுதான் அவளுக்குக் கிடைக்காத ஒன்று. மணல் இருந்தால் வருவார்கள் என்று நம்பி, வடக்கே போக வேண்டிய மணலை மறித்து எடுக்கிறாள். அடுத்த குப்பம் கடலுக்குள் போகிறது. கதாநாயகன் அந்தக் குப்பத்துப் பையன்.

காரணம் முடிவானதும் அதை வசனத்தில் கொட்டிவிடாதீர்கள். ஆட்டத்தின் விதியாக மாற்றுங்கள். எங்கள் கேமில் நீலவேணியின் ட்ரோன்கள் எதையும் சுடும், அவளுடைய காலிக் குப்பத்து வீடுகளைத் தவிர. துரத்தலில் தப்பி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் துப்பாக்கிச் சத்தம் சட்டென்று நிற்கும். உள்ளே ஆளில்லை, ஆனால் குடத்தில் அன்றைக்குப் பிடித்த தண்ணீர் இருக்கும். ஏன் என்று விளையாடுகிறவரே யோசிக்க ஆரம்பிப்பார். வில்லன் எதைச் செய்ய மாட்டான் என்று ஒரு விதி வைத்தால் பத்துப் பக்க வசனம் மிச்சம்.

கடைசிச் சண்டையும் அந்தக் காரணத்தைத் தொட வேண்டும். 2007இல் வந்த மாஸ் எஃபெக்ட் கேமில் வில்லன் சாரெனின் (Saren) நம்பிக்கையை உடைக்கும் அளவுக்கு விளையாடுகிறவர் பேச்சுத்திறன் வளர்த்திருந்தால், அவனே தன்னைச் சுட்டுக்கொள்வான். உயிரினங்களை அழிக்க வரும் ரீப்பர்கள் என்ற இயந்திரங்களோடு ஒத்துப்போனால்தான் உயிர்கள் பிழைக்கும் என்று அவன் நிஜமாகவே நம்புவதால்தான் அந்தப் பேச்சுக்கு அங்கே வேலை இருக்கிறது. வெறும் ஆசைக்காரனாக இருந்தால் பேசி என்ன ஆகப்போகிறது?

கதை தெரியாத ஒருவரை விளையாட வைத்துச் சோதியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லக் கூடாது. இரண்டாவது லெவல் முடிந்ததும், "இவ ஏன் இப்படிப் பண்றா?" என்று மட்டும் கேளுங்கள். என் தோழியின் தம்பி, "அக்கா, அந்த வீட்டுக்கெல்லாம் யாரோ வரணும்னு காத்திருக்காளா?" என்றான். உங்களுக்கு வரும் பதில் "கெட்டவ, அதான்" என்று இருந்தால் வசனத்தைத் தொடாதீர்கள், இரண்டாவது லெவலுக்குப் போய் அந்தக் குடத்தைப் போல ஒரு பொருளை வையுங்கள்.