விதி மாறும்போது ரேஸ் கார் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபார்முலா 1 விதிகள் மாறும்போதெல்லாம் பொறியியல் மாணவர்களின் அறிக்கைகளில் ஒரே கணக்கு தலைகாட்டும்: புதிய விதியால் டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசை) இவ்வளவு குறைகிறது, இறக்கையை இப்படி மாற்றினால் இவ்வளவு திரும்பக் கிடைக்கும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் மாணவர் கார் போட்டியான ஃபார்முலா பாரத்துக்குக் கார் கட்ட வரும் புதியவர்களும் இந்தக் கணக்கில்தான் முதலில் விழுகிறார்கள். பழைய விதிப்புத்தகத்தைப் பார்த்து வரைவது, அளவைச் சரிபார்க்காமல் பாகத்தைச் செய்துவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் தொழில்நுட்பச் சோதனையிலேயே பிடிபட்டுவிடும். சோதனையைத் தாண்டி டிராக் வரை கூடவே வரும் தவறுகளைத்தான் பார்க்க வேண்டும்.

உச்ச எண்ணைத் துரத்துவது

பணமும் ஒரு முழு சீசனும் போவது இதில்தான். இத்தனை பேர் அடிபட்ட பிறகும் இதையே செய்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

2022-இல் ஃபார்முலா 1 மறுபடியும் வென்சூரி ஃப்ளோருக்கு, அதாவது காற்றை நெருக்கி ஓட்டும் சுரங்க வடிவ அடித்தளத்துக்குத் திரும்பியது. 1983-இல் தட்டையான அடித்தளம் கட்டாயமானபோது ஒழிக்கப்பட்ட வடிவம் அது. கார் தரையை நெருங்க நெருங்க அடியில் ஓடும் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும், கார் இன்னும் கீழே இழுபடும். ஒரு கட்டத்துக்கு மேல் இடைவெளி போதாமல் போய், ஃப்ளோரை ஒட்டி நகரும் மந்தமான காற்றடுக்கே வழியை அடைக்கும். ஓட்டம் பிரிந்து, உறிஞ்சும் விசை சட்டென்று விழும். கார் மேலே எழும், ஓட்டம் திரும்ப ஒட்டும், மறுபடி கீழே இழுபடும். நேர்ப்பாதையில் நொடிக்குப் பல முறை நடக்கும் இந்தக் குதிப்புக்குத்தான் போர்பாய்சிங் என்று பெயர்.

மெர்சிடிஸ் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிகளுக்கான பட்டத்தை வென்றிருந்தது. 2022-இல் அதன் டபிள்யூ13 கார் 22 பந்தயங்களில் ஒன்றை மட்டுமே வென்றது. அடித்தளம் தரைக்கு மிக அருகில் இருந்தால்தான் அந்தக் காரின் டவுன்ஃபோர்ஸ் கிடைக்கும்; அந்த உயரத்தில் ஓட்டினால் குதிக்கும். குதிப்பை நிறுத்தக் காரை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கணினியில் கண்ட எண் காணாமல் போகும்.

திறமைக் குறைவால் வந்ததல்ல இது. காற்றுச் சுரங்கச் சோதனையில் 60% அளவு மாதிரியை, நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகம் வரைதான் வைத்துப் பார்க்க விதி அனுமதிக்கிறது. மாதிரி ஒரு தண்டில் பிடிக்கப்பட்டிருக்கும். தன் ஸ்பிரிங்கின் மேல் தானாகக் குதிக்காது. ஆகவே அங்கே அந்த நோய் தெரியாது. பிப்ரவரியில் பார்சிலோனாவில் முழு வேகத்தில் ஓட்டியபோது பல அணிகளின் கார்கள் குதித்தன.

சரி, ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் போதாதா? புதியவர்கள் உடனே கேட்பது இதுதான். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் முன் அச்சின் மேல் 1,000 நியூட்டன் டவுன்ஃபோர்ஸ் என்று வையுங்கள். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கூடும் என்பதால் 300-இல் 9,000 நியூட்டன். வித்தியாசம் 8,000. கார் 10 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது என்று முன் அச்சுக்கு மொத்தம் 800 நியூட்டன்/மி.மீ. கடினம் வைக்கிறீர்கள். தாளில் சரி. ஆனால் டயரும் ஒரு ஸ்பிரிங்தான். ஒரு டயருக்கு 250 என்றால் இரண்டுக்கும் 500. அதிலேயே 16 மி.மீ. அமுங்கும். மொத்தம் 26 மி.மீ. சஸ்பென்ஷனை இரும்புக் கட்டையாக மாற்றினாலும் அந்த 16 போகாது.

கடினமாக்கியதற்கு விலையும் உண்டு. டிராக் ஓரத்து கெர்பிலும் மேடுபள்ளத்திலும் டயர் தரையை விட்டுத் துள்ளும். மெதுவான வளைவில், டவுன்ஃபோர்ஸ் உதவிக்கு வராத இடத்தில், முன்பக்கப் பிடிமானம் போய்விடும். போதாததற்கு அதே 2022 விதி சக்கரத்தை 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கி டயரின் பக்கச்சுவரைக் குட்டையாக்கியது; சஸ்பென்ஷனில் அதிர்வைத் தணிக்க உதவும் இனர்ட்டரையும் தடை செய்தது. ஏரோ (காற்றியக்கவியல்), டயர், சஸ்பென்ஷன் என்று மூன்று தலைப்பில் வந்த திருத்தங்கள் ஒரே இடத்தில் அடித்தன. மெதுவான வளைவுகளில் அந்தக் கார்கள் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் அண்டர்ஸ்டியர் ஆனதால், 2023-க்கு டயர் நிறுவனமான பிரெல்லி முன் டயரின் கட்டமைப்பையே வலுப்படுத்த வேண்டியிருந்தது. ஃப்ளோரின் ஓரங்களை 15 மி.மீ. உயர்த்தச் சொன்னதும் அந்த ஆண்டு விதிதான்.

1994-இல் இதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. அந்த ஆண்டு ஆக்டிவ் சஸ்பென்ஷன் தடை செய்யப்பட்டது. அதுவரை கணினி காரின் உயரத்தைப் பிடித்து வைத்திருந்ததால், வில்லியம்ஸ் தன் கார்களைக் குறுகிய உயர வரம்பிலேயே வைத்து மெருகேற்ற முடிந்தது. தடை வந்த பிறகு அதன் எஃப்டபிள்யூ16 கார் பிரேக்கில் முன்னால் குனியவும் வளைவில் சாயவும் தொடங்கியது. டவுன்ஃபோர்ஸ் அதோடு சேர்ந்து அலைந்தது. சீசன் தொடக்கத்தில் ஓட்டுவதற்கே சிரமமான கார் அது. இறக்கையைப் பற்றிய விதியல்ல, ஆனால் அடி விழுந்தது ஏரோவில்.

ஆகவே ஒற்றை எண்ணுக்குப் பதில் ஒரு வரைபடம் தயாரியுங்கள். முன் உயரத்தை 5 மி.மீ. படியாகவும் பின் உயரத்தை 5 அல்லது 10 மி.மீ. படியாகவும் மாற்றி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மொத்த டவுன்ஃபோர்ஸ், முன் அச்சின் பங்கு, இழுவை ஆகிய மூன்றையும் குறியுங்கள். பிறகு சாய்வு, பக்கக் காற்று, ஸ்டியரிங் கோணம் மூன்றையும் தனித்தனியே சேருங்கள். ஒரு சுற்றில் கார் எந்தக் கட்டங்களில் உண்மையாக நேரம் செலவிடுகிறது என்று மேலே வரைந்து பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது முன் பங்கு 3% முன்னால் தாவினால், வளைவில் நுழையும்போது பின்பக்கம் வழுக்கும். ஓட்டுநர் அதற்குப் பயந்து முன் இறக்கையைக் குறைக்கச் சொல்வார். வளைவின் நடுவில் அண்டர்ஸ்டியர் வரும். பிறகு ஸ்பிரிங்கையும் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஆன்டி-ரோல் பாரையும் மாற்றி மாற்றி வாரக்கணக்கில் திண்டாடுவார்கள். உச்சம் 5% குறைவாக இருந்தாலும் 20 மி.மீ. உயர வரம்பில் சமநிலை மாறாத ஃப்ளோரே மேல்.

"சின்னத் திருத்தம்தானே"

2021-இல் பின் டயருக்கு முன்னால் ஃப்ளோரின் ஓரத்தைச் சரிவாக வெட்டச் சொன்னார்கள். டயர் அருகே வெட்டு 100 மி.மீ. காரின் அடியில் ஓடும் காற்று வெளியேறும் பின்முனையான டிஃப்யூசரின் தகடுகளை 50 மி.மீ. குட்டையாக்கினார்கள். இரண்டும் பின்பக்கத்தைக் குறிவைப்பவை. பின்னால் இழந்ததை மீட்கும் வரை முன்பக்கத்தையும் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். இழப்பு அங்கே இரட்டிக்கிறது. தட்டையாக ஓடும் கார்கள் பின்பக்கம் தூக்கி ஓடும் கார்களைவிட அதிகம் இழந்தன. பஹ்ரைன் சோதனையில் மெர்சிடிஸின் பின்பக்கம் நிலைகொள்ளாமல் ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

விதியின் நோக்கத்தைப் படித்துவிட்டு வரியை விட்டுவிடுவது

2009-இல் டிஃப்யூசரைச் சிறிதாக்குவதுதான் நோக்கம். ஆனால் ஃப்ளோரின் படிநிலைத் தளங்களுக்கிடையே திறப்பு விடக்கூடாது என்று வரியில் எழுதப்படவில்லை. பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் மூன்றும் அந்த வழியாக இரட்டை டிஃப்யூசருக்குக் காற்று கொண்டுபோயின. ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. முதல் ஏழு பந்தயங்களில் ஆறை பிரான் ஓட்டுநர் ஜென்சன் பட்டன் வென்றார்.

காப்பியடிப்பதும் சுலபமாக இல்லை. ரெட்புல் ஆர்பி5-இன் பின் சஸ்பென்ஷன் புல்ராட் (இழுதண்டு) அமைப்பு. அதன் பாகங்கள் தாழ்வாக, இரட்டை டிஃப்யூசர் வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. அடுத்தவர் காரின் படத்தைப் பார்த்து ஒரு பாகத்தை ஒட்ட நினைப்பவர்கள், முதலில் தங்கள் கியர்பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

டயர் விதியை வேறு துறை என்று ஒதுக்குவது

அதே 2009-இல் பள்ளமில்லாத ஸ்லிக் டயர் திரும்பியது. அதற்கு முன்பு முன், பின் டயர் இரண்டிலும் நான்கு நான்கு பள்ளங்கள் இருந்தன. அகலம் குறைந்த முன் டயர், விகிதத்தில் அதிகம் இழந்திருந்ததால், பள்ளம் போனதும் அதிகம் பெற்றது. எடையை முன்னால் தள்ள வேண்டிய ஆண்டு. பேலஸ்டை (இடம் மாற்றி வைக்கக்கூடிய கூடுதல் எடை) நகர்த்தித்தான் அதைச் செய்ய முடியும். பிரேக் ஆற்றலைச் சேமிக்கும் கெர்ஸ் வைத்த அணிகளுக்கு அதன் எடையே பேலஸ்டைத் தின்றுவிட்டது. உயரமான, கனமான ஓட்டுநர் இருந்த அணிக்கு இன்னும் கஷ்டம்.

எடை

முதல் நாளே தராசில் ஏற்றுங்கள். எடை குறைக்கப் பெயிண்டைச் சுரண்டும் நிலைக்கு வராதீர்கள்.

பலகைத் தேய்மானம்

காரின் அடியில் பொருத்தப்படும் பலகையின் தடிமன் புதிதில் 10 மி.மீ., முடிவில் குறைந்தது 9. அதற்கு மேல் பலகை தேய்ந்ததற்கு 2023 ஆஸ்டினில் ஹாமில்டனும் லெக்லெர்க்கும், 2025 லாஸ் வேகாஸில் மெக்லாரன் கார்கள் இரண்டும் தகுதியிழந்தன.

2026-க்குப் பழைய செட்டப்பை எடுத்துப் போவது

வேண்டாம். அகலம் 1,900 மி.மீ., வீல்பேஸ் அதிகபட்சம் 3,400, ஃப்ளோர் பெருமளவு தட்டை, நேர்ப்பாதையில் முன், பின் இறக்கைகள் இரண்டும் படுத்துக்கொள்ளும். இறக்கை இரு நிலைகளில் இருக்கும் காருக்கு உயர வரைபடமும் இரண்டு வேண்டும். பிரேக் மிதிபட்டு இறக்கைகள் நிமிரும் அந்தக் கணத்துக்கான மூன்றாவதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். முன் இறக்கை ஒரு கணம் முந்தினால்கூட சமநிலை முன்னால் ஓடிவிடும்.