எடையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

"நான் ஒல்லிதானே, எனக்கு எப்படிச் சர்க்கரை வரும்?" என்று நம்பியிருப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பது இந்தியர்களிடம் சகஜம். அதே உயரமும் எடையும் உள்ள ஐரோப்பியரைவிட நமக்குப் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் போய்த் தங்குகிறது. அப்புறம் இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதற்குச் சரியாகப் பணிவதில்லை, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

அதனால்தான் உடல் பருமனுக்கு உலக அளவில் பிஎம்ஐ (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 30 என்றால், நமக்கு 25 என்று வைத்திருக்கிறார்கள். 23 தொட்டாலே அதிக எடைதான்.

இடுப்புச் சுற்றளவை பேன்ட் சைஸை வைத்துக் கணக்கிடுவது இன்னொரு தவறு. தொப்பை விழுந்த ஆண்கள் பேன்ட்டை அதற்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். வயிறு எவ்வளவு பெருத்தாலும் சைஸ் 34 அப்படியே இருக்கும்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டதும் அளந்து பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லை.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கும் தேனுக்கும் மாறுவதால் பெரிய பலன் இல்லை. தட்டில் மலையாகக் குவிகிற சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் காய்கறி, பருப்பு, சுண்டல், முட்டை என்று வைப்பதுதான் உண்மையான மாற்றம். நடைப்பயிற்சியோடு தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடக் கவலை தருவது "பார்டர்லைன்தான்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி, அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் 13.6 கோடி. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 100 முதல் 125 மி.கி./டெ.லி. வரை வந்தால் நீங்களும் அந்தக் கட்டத்தில்தான். இந்தியாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நிலையில் இருந்தவர்கள் உணவையும் உடற்பயிற்சியையும் சரிசெய்ததில் நோய் வரும் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் குறைந்தது.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிபார்த்த பிறகே ஆரம்பியுங்கள்.