வரலாற்றுச் சந்தையில் ஒரு மர்மத் தொடர்: சென்னையை வைத்து எழுதும் முறை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 1963இல் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த மறுமலர்ச்சிக்காலச் சந்தை பல ஊர்களுக்கும் பரவி, பழங்கால உடை உடுத்தி, பழந்தொழில்களைச் செய்துகாட்டி, ஓர் ஊரில் சந்தை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்படும் ஒரு தனிச் சமூகத்தையே உருவாக்கிவிட்டது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த, ஆனால் பலருடைய சொந்தப் பெயர் பலருக்கும் தெரியாத அந்தச் சமூகம், ரத்தம் தெறிக்காத இதமான மர்மக் கதைகளுக்கு மிகப் பொருத்தமான களம். சென்னையை வைத்து அப்படியொரு தொடர் எழுத, அத்தகைய சந்தைகளில் வழக்கமான இங்கிலாந்து அரசவையை இங்கே கொண்டுவந்து நட வேண்டியதில்லை. தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுபவர்களும் டெல்லி அப்பளம் பொரிப்பவர்களும் கடை மூடிய பிறகு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை முதலில் கவனியுங்கள். கற்பனைச் சந்தைக்கான மனிதர்கள் அங்கே கிடைப்பார்கள்.

காலத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சென்னப்பட்டணத்தை நான் பரிந்துரைப்பேன். ஆங்கிலேய வணிகர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் தரகர்களாகவும் இருந்த துபாஷிகள், சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர்கள், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் என்று வேடங்களுக்கும் பொருள்களுக்கும் பஞ்சமில்லை. சந்தையை முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு திறந்த வெளியில், தை முதல் பங்குனி வரை சனி, ஞாயிறுகளில் மட்டும் நடத்துங்கள். ஐப்பசி மழையும் கத்திரி வெயிலும் வேறு மாதங்களை அனுமதிக்கமாட்டா. தவிர, வேடம் கலைந்த வார நாட்களில்தான் துப்பறிபவர் மனிதர்களை அவரவர் வீட்டில், அவரவர் சொந்தப் பெயரில் சந்திக்க முடியும்.

துப்பறிபவர் யார் என்பதில்தான் பெரும்பாலான தொடர்கள் தடுமாறுகின்றன. ஆர்வம் மட்டும் உள்ளவர் போதாது, எல்லாக் கடைக்காரர்களும் தினமும் தேடிவர வேண்டிய ஓர் இடத்தில் அவர் அமர்ந்திருக்க வேண்டும். மாம்பலத்தில் வசிக்கும், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாளை, பார்வையாளர்களின் ரூபாயை வாங்கிக்கொண்டு பித்தளை வில்லைகளைக் கொடுக்கும் சராப்புக் கடையில் உட்காரவையுங்கள். சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலைபெற்றது 1818இல்தான். அதற்கு முந்தைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சந்தையின் வில்லைகளும் இந்தக் கணக்கிலேயே புழங்கட்டும். சில்லறை தகராறு ஒன்றின் வழியாக இந்த வாய்ப்பாட்டை முதல் அத்தியாயத்திலேயே நகைச்சுவையாகச் சொல்லிவிடுங்கள். நான்கைந்து அத்தியாயங்கள் கழித்து, இறந்துபோன வளையல் கடைக்காரர் எழுதியதாகச் சொல்லப்படும் கடன் சீட்டில் ‘2 பணம் 95 காசு’ என்று இருக்கட்டும். பல பருவங்களாக வில்லைகளில் புழங்கிய ஒருவர் அதை 3 பணம் 15 காசு என்றே எழுதியிருப்பார். நூறு காசுக் கணக்கு மனத்தில் ஊறிய வெளியாள் ஒருவர்தான் அந்தச் சீட்டை எழுதியிருக்க முடியும். சீட்டு வரும் இடத்தில் வாய்ப்பாட்டை மீண்டும் நினைவூட்டாதீர்கள், ஆனால் சீட்டின் வாசகத்தை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். லண்டனில் 1930இல் தொடங்கிய துப்பறியும் கதை எழுத்தாளர் மன்றத்தின் உறுதிமொழி, தெய்வ வாக்கையும் தற்செயலையும் நம்பி மர்மத்தை அவிழ்க்கக் கூடாது என்றது. ஆகவே சந்தையில் கிளி ஜோசியர் இருக்கலாம், அவருடைய கிளி கொலையாளியின் சீட்டை எடுக்கக் கூடாது.

கொலைக்கான காரணமும் அந்த மண்ணிலிருந்தே வரட்டும். பந்தல் கால் நடத் தோண்டிய குழியில் உண்மையான வராகன்கள் நிறைந்த கலயம் ஒன்று கிடைத்து, அதிலிருந்து ஒரு வராகன் பித்தளை வில்லைகளோடு கலந்து அம்மாளின் கைக்கு வந்துவிடுகிறது என்று வையுங்கள். அக்காலச் சென்னையில் புழங்கிய நட்சத்திர வராகன் ஒன்று சுமார் 3.4 கிராம் எடையுள்ள தங்க நாணயம். அந்த ஒன்றுக்காக யாரும் கொலைவரை போகமாட்டார்கள், ஆனால் கலயம் முழுவதற்கும் போவார்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அறிவித்துவிடலாம் என்றவருக்கும் மறைத்துவிடலாம் என்றவருக்கும் நடந்த சண்டையே உங்கள் கதை.

தொடர் என்பதால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: ஆண்டுதோறும் ஒருவர் செத்துக்கொண்டிருக்கும் சந்தைக்குக் குழந்தைகளோடு யார் வருவார்கள்? மூன்று நூல்களுக்கு ஒரு கொலை போதும். மற்றவற்றில் போலி ஓலைச்சுவடி, காணாமல்போன நாதசுரக்காரர், தீப்பிடித்த கணக்குப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். கொலை நிகழும் நூலில், சந்தேகத்துக்குரிய மரணத்தைக் காவல்துறை 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி விசாரிக்கும் என்பதை மறக்க வேண்டாம். பிரேதப் பரிசோதனை அறிக்கையை ஓர் ஓய்வுபெற்ற காசாளரிடம் எந்த இன்ஸ்பெக்டரும் நீட்டமாட்டார். தம்மிடம் அவர் கேட்கும் கேள்விகளிலிருந்தே அம்மாள் அதில் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்கும்படி எழுதுங்கள்.