90°, 180°, 270° கலந்த கோணங்களைச் சுருக்குவது எப்படி?

காஸ்(90° + தீட்டா), சைன்(270° − தீட்டா) மாதிரி உறுப்புகளுக்காகப் பெரிய அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வோர் உறுப்பிலும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: சார்பு மாறுமா? குறி என்ன?

90°, 270° இருந்தால் மாறும். சைன் காஸ் ஆகும், டேன் காட் ஆகும், செக் கோசெக் ஆகும், மறுபக்கமும் அப்படியே. 180°, 360° என்றால் மாறாது.

குறிக்கு, தீட்டாவைக் குறுங்கோணமாக வைத்துக்கொண்டு, மொத்தக் கோணம் எந்தக் கால்பகுதியில் விழுகிறது என்று பாருங்கள். வகுப்பில் சொல்லும் ‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’ இதற்குத்தான்: முதல் கால்பகுதியில் எல்லாம் மிகை, இரண்டில் சைன், மூன்றில் டேன், நான்கில் காஸ், கூடவே அவற்றின் தலைகீழிகள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகளுக்கும் இது சட்டென்று மனதில் நிற்கும்.

மதிப்பெண் போவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். கேள்வியில் உள்ள சார்பை வைத்துத்தான் குறி பார்க்க வேண்டும். மாறிய சார்பை வைத்து அல்ல. காஸ்(90° + தீட்டா) இரண்டாம் கால்பகுதி. அங்கே காஸ் குறை, ஆகவே −சைன் தீட்டா. மாறி வந்த சைனைப் பார்த்தால் மிகை என்று எழுதிவிடுவீர்கள். சைன்(270° − தீட்டா)வில் இந்தப் பிழை வெளியே தெரியாது, மூன்றாம் கால்பகுதியில் சைன், காஸ் இரண்டுமே குறை. அதனால்தான் தவறான பழக்கம் நாள்பட ஒட்டிக்கொள்கிறது.

ஒரு கணக்கு:

காஸ்(90° + தீட்டா) × டேன்(180° + தீட்டா) × சைன்(270° − தீட்டா) ÷ [சைன்(180° − தீட்டா) × காஸ்(−தீட்டா)]

தொகுதி: (−சைன் தீட்டா)(டேன் தீட்டா)(−காஸ் தீட்டா) = சைன் தீட்டா × டேன் தீட்டா × காஸ் தீட்டா. பகுதி: சைன் தீட்டா × காஸ் தீட்டா. விடை டேன் தீட்டா. குறிகளை அடைப்புக்குள்ளேயே எழுதி, கடைசியில் பெருக்குங்கள். நடுவில் மனக்கணக்காக அடித்தால் ஒரு குறை நழுவிவிடும்.

தீட்டா − 90° என்று வந்தால் முதலில் குறையை வெளியே எடுங்கள்: சைன்(தீட்டா − 90°) = −சைன்(90° − தீட்டா) = −காஸ் தீட்டா. காஸுக்கு இந்தக் குறை வராது: காஸ்(தீட்டா − 180°) = காஸ்(180° − தீட்டா) = −காஸ் தீட்டா.

விடையைச் சரிபார்க்கத் தீட்டா = 30° போடுங்கள். மேலே உள்ள கணக்கில் தொகுதி 1/4, பகுதி √3/4, விடை 1/√3. டேன் 30°-உம் அதுவே. 45° போடாதீர்கள். அங்கே சைனும் காஸும் சமம், டேனும் காட்டும் சமம். சார்பை மாற்ற மறந்திருந்தாலும் விடை சரி போலவே வரும்.